வலது பெட்டி

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் நூற்றுச்சொச்சம் பேர் பெட்டி செய்தாலும், பெட்டிக்காரர் என்றால் அது அவர் ஒருவர்தான். மற்றவர்கள் சோப்புக்கும் செருப்புக்கும் பிஸ்கட்டுக்கும் பெட்டி செய்துவிட்டு, சங்கு ஊதியதும் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் வீட்டுக்குப் போயும் பெட்டிதான் செய்வார். ஸ்பீக்கர் பெட்டி. அதுவும் மரத்தில் இல்லை, அட்டையில்.

அட்டையில் ஸ்பீக்கரா என்று யாராவது இளக்காரமாகக் கேட்டுவிட்டால் போச்சு, கேட்டவருடைய டீ ஆறிவிடும். "மரம் மட்டும் என்னங்க, அதுவும் நார்தானே? அட்டையும் நார்தான். எல்லாம் ஒட்டுற விதத்துல இருக்கு," என்று ஆரம்பிப்பார். கம்பெனியில் ஓரம் வெட்டி விழும் துண்டுகளைச் சூபர்வைசரிடம் சொல்லி வாங்கிக்கொள்வார். ஒரு தாள் நெடுக்காக, அடுத்த தாள் குறுக்காக, ஆக மொத்தம் ஏழு தாள். ஒட்டுவதற்கு மாவுப்பசை, அதை அவர் மனைவி வீட்டு அடுப்பில் காய்ச்சித் தர வேண்டும். ஒட்டியது காயும்வரை மேலே பாரம் வேண்டும் என்று அவளுடைய தையல் மெஷினையே தூக்கி வைத்துவிடுவார். இப்படிச் செய்த பலகைகளால் பெட்டிக்குள் பெட்டியாக இரண்டு செய்து, நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு, அதில் சலித்து வறுத்த மணலைக் கொட்டி நிரப்புவார். காற்று வெளியே வர, குளியலறைக் குழாய் வேலையில் மிஞ்சிய பிளாஸ்டிக் பைப் ஒரு துண்டு. பாடுகிற கூம்புகள் இரண்டும் காயலான் கடையில், உடைந்த டி.வி.க்களின் வயிற்றிலிருந்து பிடுங்கியவை. உள்ளே திணிக்கப் பஞ்சு. அந்தப் பஞ்சு அவருடைய தலையணையிலிருந்து போனது. தலையணை மெலிய மெலியப் பெட்டி தேறியது. கடைசியில் சட்டையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார். அப்படியும் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினார்.

முடித்த பெட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். தொம்மென்றால் அது சோப்புப் பெட்டி. டொக்கென்றால்தான் ஸ்பீக்கர் பெட்டி. மூன்று மாதம் உழைத்துச் செய்த இந்த ஜோடி டொக்கென்றது. "கேளு, கேளு," என்று மனைவியைக் கூப்பிட்டுத் தட்டித் தட்டிக் காட்டினார். "கேட்டாச்சு, கதவைத் தட்டுறாங்கன்னு நாலு தடவை எழுந்து பாத்தாச்சு," என்றாள் அவள்.

அவள் தலையணை உறை தைப்பவள். அவர்கள் குடியிருந்தது மாடியில் ஒரே அறையும் ஒட்டுச் சமையலறையும் கொண்ட வீடு. ஒரு சுவரில் கட்டில், ஒரு சுவரில் தையல் மெஷின், ஒரு சுவரில் அலமாரி, மிச்சச் சுவரில் கதவு. இரண்டு ஸ்பீக்கரையும் தள்ளித் தள்ளி வைத்துச் சேர்த்துக் கேட்க அங்கே இடமே கிடையாது. ஒன்றைக் கட்டிலில் ஏற்றி ஒயர் கொடுத்துக் கேட்பார். அதை இறக்கிவிட்டு அடுத்ததை ஏற்றிக் கேட்பார். இடது சரி. வலது சரி. அவ்வளவுதான் அந்த வீட்டில் செய்ய முடிந்த சோதனை.

பெட்டியைப் பற்றிச் சொன்ன பிறகு மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய மனசில் இரண்டுக்கும் அப்படி ஒரு வரிசை இல்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மகளுக்குப் பத்தொன்பது வயது. காலேஜில் படிக்கிறாள். பன்னிரண்டு வயதிலேயே அவளுடைய குரல் இறங்கிக் கனத்துவிட்டது. போனை எடுத்து ஹலோ என்றால், "தம்பி, அம்மாகிட்ட குடுப்பா," என்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஆம்பளக் குரல் என்று கூப்பிட்டே அவள் வாயை அடைத்துவிட்டார்கள். வெளியில் அவள் பேசுவதே குறைந்துபோனது. வீட்டில் மட்டும், அம்மா தைத்துப் போட்ட உறைகளை மடித்து அடுக்கும்போது, தனக்குத்தானே பாடிக்கொள்வாள். அந்தக் குரல் அறையின் தரையோடு தவழ்ந்து வரும். பெட்டிக்காரர் பசைக் கையோடு அப்படியே உட்கார்ந்து கேட்பார்.

"உன் குரல் சாதாரணக் குரல் இல்லம்மா," என்பார். "இந்த மாதிரி அடிக்குரலைச் சிந்தாம சிதறாம கொண்டு வரத்தான் நான் பத்து வருஷமா அட்டையோட மாரடிக்கிறேன். ஒரு நாள் என் பெட்டியில நீ பாடணும்."

உலகத்தில் அவளிடம் அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். காலேஜில் பாட்டு டீச்சர் அதையே சொன்னது ரொம்பப் பின்னால்.

கம்பெனி ஆரம்பித்து இருபத்தைந்து வருடம் ஆனதை ஒட்டி, சாப்பாட்டுக் கூடத்தில் குடும்பத்தோடு ஒரு கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பெட்டிக்காரர் முந்திக்கொண்டு மேனேஜரிடம் போய், பாட்டுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு எடுக்க வேண்டாம், நம்ம கம்பெனி அட்டையிலேயே செய்த ஸ்பீக்கர் இருக்கிறது என்றார். மேனேஜருக்கு அது பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து மகளிடம் கெஞ்சினார். மேடையில் நிற்கவே மாட்டேன் என்றாள் அவள். "நிக்க வேணாம்மா. டீச்சர்கிட்ட பதிஞ்சு வாங்கிட்டு வா. நான் போட்டு விடுறேன். நீ ஓரமா நின்னு கேளு போதும்," என்றார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, அவர் முகத்துக்காக ஒப்புக்கொண்டாள். டீச்சர் கீபோர்டு வாசிக்க, இவள் பாடி, பதிந்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

கூட்டத்தன்று காலையிலிருந்தே மழை பிசுபிசுத்தது. சாப்பாட்டுக் கூடத்தின் இரண்டு மூலையிலும் இரண்டு ஸ்டூல் போட்டுப் பெட்டிகளை வைத்தார். வலது பக்கத்து ஸ்டூல் ஒரு கால் குட்டையாகி ஆடியது. மகள் போய் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடு பெஞ்சுகளில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ரொட்டியும் முட்டையும் டீயும் கைமாறிக்கொண்டிருந்தன. முதல் வரிசையில் மேனேஜர். அவருக்குப் பின்னால் கத்தி. அட்டையை அச்சு வைத்து வெட்டும் மெஷினில் நிற்பவர் என்பதால் அந்தப் பெயர். அவருடைய வாய்க்கும் அது பொருந்தித்தான் போனது.

பாட்டைப் போட்டார். கீபோர்டு இரண்டு பக்கமும் கணீரென்று வந்தது. பிறகு குரல் வந்தது. வந்ததா என்றால் வந்தது, ஆனால் எங்கிருந்து என்று சொல்ல முடியவில்லை. நடுவில் வந்து நெஞ்சில் இறங்க வேண்டிய குரல், சதையெல்லாம் கழன்று எலும்பாக, தகர டப்பாவுக்குள் போட்டு மூடியதுபோல எங்கேயோ அலைந்தது. பெட்டிக்காரர் சத்தத்தைக் கூட்டினார். கூட்டக் கூட்டக் கீபோர்டுதான் பெரிதாயிற்று.

"என்ன பெட்டிக்காரரே, பொண்ணு பக்கத்து ஊர்ல இருந்து பாடுதா?" என்றார் கத்தி. பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு ஓடியது.

மேனேஜர் திரும்பிப் பார்த்து, "ஸ்பீக்கர்ல ஏதாவது கோளாறா?" என்று கேட்டார். நல்ல மனுஷன், சாதாரணமாகத்தான் கேட்டார்.

அந்த இடத்தில் பெட்டிக்காரரின் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது.

"ஸ்பீக்கர்ல ஒரு கோளாறும் இல்ல சார். ரெண்டையும் தனித்தனியா கேட்டு வச்சிருக்கேன். குரல் அப்படி சார். அவளுக்கு ஒரு மாதிரி ஆம்பளக் குரல். பாட்டுக்கெல்லாம் எடுக்காது. ஏதோ ஆசைப்பட்டுச்சேன்னு போட்டேன்."

சொல்லிக்கொண்டே பாட்டைப் பாதியில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு, வெறும் மணியும் குழலுமாக இருந்த ஒரு இசையைப் போட்டார். மணி இடது பக்கம், குழல் வலது பக்கம், கூடம் முழுக்கப் பளீரென்று கொட்டியது. ஆட்கள் கைதட்டினார்கள். மேனேஜர், "பரவாயில்லையே, அட்டைன்னு சொன்னா யார் நம்புவா," என்றார். பெட்டிக்காரரின் முகம் மலர்ந்துபோயிற்று. அந்த மலர்ச்சியை நினைத்துத்தான் பின்னால் அவர் அதிகம் வெட்கப்பட வேண்டியிருந்தது.

மகளை அவர் பார்க்கவில்லை. கைதட்டல் ஓய்ந்த பிறகு பார்த்தபோது அவள் நடுவில், தன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பும்போது மழை வலுத்துவிட்டது. அட்டைக்கு ஈரம் ஆகாது. தோளில் ஒரு பெட்டியோடு அவர் முன்னால் போக, மகள் குடையை அவர் தோளில் இருந்த பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். மனைவி மற்றதை ரப்பர் ஷீட்டில் சுற்றித் தூக்கி வந்தாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பெட்டியின் தலை காய்ந்திருந்தது. மகள் தொப்பலாக நனைந்திருந்தாள். "சீக்கிரம் தலையைத் துவட்டும்மா," என்றார் பெட்டிக்காரர், வேறு எதுவும் நடக்காததுபோல.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பாட்டு நின்றுபோனது. மகள் அழவில்லை, முறைக்கவில்லை, அவருக்குத் தட்டு எடுத்து வைப்பதில்கூட ஒரு குறையும் வைக்கவில்லை. உறைகளை மடித்தாள். மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பாட்டு டீச்சர் ஒரு சேதி சொல்லி அனுப்பினார். நகரத்துச் சேர்ந்திசைக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள், அடிக்குரலுக்குத்தான் பஞ்சம், மூன்று வாரம் கழித்துச் சனிக்கிழமை தேர்வு, இவள் கட்டாயம் வர வேண்டும் என்று. "நான் போகலம்மா," என்று மகள் சமையலறையில் சொன்னது இந்தப் பக்கம் கேட்டது. நல்லதுக்குத்தான் என்று பெட்டிக்காரர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் போய் அசிங்கப்படுவதைவிட இது மேல் இல்லையா? இப்படி ஒரு சமாதானத்தைச் சொல்லிக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மகள் சினேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து புழுங்கல் வாடை வருகிறதென்று மனைவி சொன்னதால், பெட்டிகளை இழுத்துப் போட்டுப் பின்பலகைகளைக் கழற்றினார். வலது பெட்டியில் ஒரு மூலை லேசாக ஊறியிருந்தது. பஞ்சை வெளியே எடுத்து வெயிலில் போட்டார். கையோடு கூம்பையும் ஒருமுறை பார்த்துவிடலாமென்று பேட்டரிக் கட்டையைத் தேடி எடுத்தார்.

இது அவருடைய பழக்கம். கூம்புக்குப் பின்னால் இரண்டு முனை இருக்கும், ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். காயலான் கடைக் கூம்பில் அடித்திருக்கும் குறியை அவர் நம்ப மாட்டார். பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்ப்பார். கூம்பு வெளியே துள்ளினால், பேட்டரியின் பிளஸ் பட்ட முனைதான் பிளஸ். அதில் மகளுடைய நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். "எவன் வச்ச குறியையும் நம்பாதே, நீ தொட்டுப் பாத்து வை," என்று கம்பெனியில் எல்லாருக்கும் உபதேசமும் செய்திருக்கிறார்.

இடது கூம்பைத் தொட்டார். வெளியே துள்ளியது. அதில் சிவப்புப் புள்ளி இருந்தது. வலது கூம்பைத் தொட்டார். உள்ளே இழுத்துக்கொண்டது.

இன்னொரு முறை தொட்டார். உள்ளேதான் போனது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வலது கூம்பில் நெயில் பாலிஷ் புள்ளியே இல்லை. கடைக்காரன் குறி மட்டும், மங்கலாக, தப்பான முனையில் இருந்தது. அவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. கூட்டத்துக்கு முந்தின சாயங்காலம், இடதை முடித்துவிட்டு, அதே கடை, அதே ஜாடை, இதைப் போய் என்னத்தைத் தொட்டுப் பார்ப்பது என்று அப்படியே ஈயம் வைத்து ஒட்டிவிட்டார்.

மேஜையை இரண்டு பேர் தூக்கும்போது ஒருவர் தூக்க ஒருவர் இறக்கினால் என்ன ஆகும்? அதுதான் ஆகியிருக்கிறது. ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்திருக்கிறது. இரண்டிலும் சமமாக வருகிற நடுக்குரல் ஒன்றையொன்று தின்றுவிட்டிருக்கிறது. அதிலும் அடிக்குரல்தான் முதலில் செத்துப்போகும். தனித்தனியாகக் கேட்டால் எந்தக் குறையும் தெரியாது. மணி ஒரு பக்கமும் குழல் ஒரு பக்கமுமாக இருந்தால் அதிலும் தெரியாது. இது ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவனுக்கு அரிச்சுவடி. இது தெரியாதவன் பெட்டி செய்யவே உட்காரக் கூடாது.

பூமி பிளந்து விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. மனைவி மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் ஈயத்தை உருக்கி, ஒயரை மாற்றி ஒட்டினார். நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்தார். இதுவரை இடமில்லை என்று விட்டிருந்தவர், இப்போது கட்டிலை நகர்த்தி, ஒரு பெட்டியை அலமாரி மேலும் ஒன்றைச் சமையலறை வாசலிலும் வைத்து, மகளுடைய பாட்டை மெல்லப் போட்டார்.

குரல் அறையின் நடுவில் வந்து நின்றது. அவள் இங்கேயே உட்கார்ந்து உறை மடித்துக்கொண்டே பாடுவதுபோல, மூச்சோடும் கனத்தோடும்.

மெஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவியின் கால் நின்றது. "அவ குரல்ங்க இது," என்றாள்.

"ம்."

"அன்னைக்கு இப்படி வரலையே. என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்ல. பஞ்சு கொஞ்சம் ஈரமா இருந்துச்சு. காய வச்சு, கொஞ்சம் கூட வச்சேன்."

அவள் எழுந்து வந்து, தரையில் கிடந்த சின்னச் சீசாவை எடுத்துப் பார்த்தாள். "பஞ்சுக்கு எதுக்குங்க நெயில் பாலிஷ்?"

பெட்டிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெயிலில் போட்ட பஞ்சு ஜன்னலுக்கு வெளியே அப்படியே கிடந்தது. அதை அவளும் பார்த்தாள்.

"பத்து வருஷமா பசை காய்ச்சித் தர்றேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ஒயரை மாத்திக் குடுத்திருந்தீங்க. அதானே?"

"அவசரத்துல..."

"அவசரத்துல ஒயர் மாறும். வாய் எப்படிங்க மாறும்? ஆம்பளக் குரல்னு சொன்னீங்களே. அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அது எத்தனை நாள் பள்ளிக்கூடத்துல இருந்து அழுதுட்டு வந்துச்சு. நீங்கதானே மடியில வச்சு இல்லம்மா இல்லம்மான்னு தேத்துனீங்க."

"மேனேஜர் திடீர்னு கேட்டாரு. அத்தனை பேர் பாத்தாங்க. என்ன சொல்றதுன்னு தெரியல."

"தெரியலன்னு சொல்லியிருக்கலாம்." அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கோபம் போய்க் குரல் இறங்கியிருந்தது. "நானும் அங்கதான் உக்காந்திருந்தேன். உங்களை விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அந்த வெக்கம் எனக்கும் இருக்கு. இப்ப என்ன பண்ணப் போறீங்க? பஞ்சு கதைய அவகிட்டயும் சொல்லப் போறீங்களா?"

உண்மையில் அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். பெட்டியைச் சரிசெய்துவிட்டேன், இப்போது கேட்டுப்பார் என்று போட்டுக் காட்டினால் மகள் சிரித்துவிடுவாள், சனிக்கிழமை போய்விடுவாள், எல்லாம் தன்னால் ஆறிவிடும் என்று. மனைவி கேட்டதும் அந்த நினைப்பே அசிங்கமாக இருந்தது.

"அத்தனை பேர் முன்னாடி சொன்னத அத்தனை பேர் முன்னாடியே எடுத்துடுங்க," என்றாள் அவள். "எடுத்துட்டு வந்து அவகிட்ட பேசுங்க."

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் சொல்லிவிடலாம் என்று போனார். அன்று மேனேஜரும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை கத்தி லீவு. அந்த ஆள் இல்லாமல் சொல்லி என்ன பிரயோஜனம்? புதன்கிழமை மழை, பெட்டியை எப்படிக் கொண்டுபோவது? மனுஷனுக்குச் சாக்குக்கா பஞ்சம்! புதன் ராத்திரி சோறு போடும்போது மனைவி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கரண்டி கூடவே போட்டாள். அது தட்டிலேயே கிடந்தது.

வியாழக்கிழமை இரண்டு பெட்டிகளையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். மத்தியானச் சங்கு ஊதி, எல்லோரும் டப்பாக்களைத் திறந்த நேரம். கூடத்தின் இரண்டு மூலையிலும் அதே ஸ்டூல்களில் பெட்டிகளை வைத்தார்.

"என்ன, இன்னைக்கும் கச்சேரியா?" என்றார் கத்தி.

"ஒரு நிமிஷம் எல்லாரும் கேளுங்க," என்றார் பெட்டிக்காரர். "அன்னைக்கு எம்பொண்ணு பாட்டு போட்டேன் இல்ல? குரல் சரியில்லன்னு சொன்னேன். அது பொய். குரல்ல ஒரு குறையும் இல்ல. நான் ஒரு பெட்டியில ஒயரை மாத்திக் குடுத்துட்டேன். இதைக் கேளுங்க."

முதலில் பின்னால் ஒயரை மாற்றி வைத்து, அன்று வந்த மாதிரியே போட்டார். எலும்புக் குரல். பிறகு ஒயரைச் சரியாக வைத்துப் போட்டார். கூடத்தின் நடுவில் அந்தக் குரல் இறங்கியதும், மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். பாட்டு முடியும்வரை இந்த முறை அவர் நிறுத்தவில்லை.

"ஆத்தாடி," என்றார் பசை கலக்கும் பெரியவர். "இந்தக் குரலையா சரியில்லன்னு சொன்னீரு?"

"ஆமாங்க."

"சரி விடுய்யா. ஒயர்தானே. நாங்க அதை அன்னைக்கே மறந்தாச்சு."

நான்கைந்து பேர் அதையே சொன்னார்கள். பெட்டிக்காரருக்கு மூச்சு லேசாயிற்று. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல்லை இவர்கள் இவ்வளவு சுலபமாகத் தூக்கிப் போட்டுவிட்டார்களே என்று சிரிக்கக்கூட வந்தது. கத்தி மட்டும் சிரிக்கவில்லை. டப்பாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. இங்க சொல்லிட்டு..."

"எங்ககிட்ட எதுக்கய்யா மொதல்ல? நாங்க என்ன பாடுறவங்களா? அன்னைக்கு எம்மேலயும் தப்பு இருக்கு. பக்கத்து ஊர்னு வாய் விட்டுட்டேன். அதுகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஆனா நீங்க சொல்ல வேண்டியதை நீங்கதான் சொல்லணும்."

சாயங்காலம் பெட்டிகளோடு மாடி ஏறியபோது மகள் கட்டிலில் உட்கார்ந்து உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மனைவி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். பெட்டிக்காரர் பெட்டிகளை இறக்கினார். உட்காரவில்லை.

"உன் குரல்ல ஒண்ணும் இல்லம்மா," என்றார். வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் போன இடம் தெரியவில்லை. "தப்பு என்னுது. வலது பெட்டியில ஒயரை மாத்தி ஒட்டிட்டேன். தொட்டுப் பாக்காம ஒட்டிட்டேன். அதான் உன் குரலைத் தின்னுடுச்சு. இன்னைக்குக் கம்பெனியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். போட்டும் காட்டிட்டேன்."

மகள் ஒரு உறையை மடித்து, ஓரத்தை நீவி, அடுக்கின் மேல் வைத்தாள்.

"தெரியும்பா," என்றாள்.

"அம்மா சொல்லிட்டாளா?"

"இல்ல. அன்னைக்கே தெரியும்."

அவள் அடுத்த உறையை எடுத்தாள்.

"ஸ்டூல் ஆடுதுன்னு நான் வலது பெட்டியைப் பிடிச்சிட்டு நின்னேன் இல்ல? அங்க பக்கத்துல என் குரல் நல்லாத்தான் வந்துச்சு. நல்லான்னா, ரொம்ப நல்லா. எனக்கே சந்தோஷமா இருந்துச்சுப்பா. நீங்க கேக்குறப்போ உங்க முகத்தைப் பாக்கணும்னு ஸ்டூலுக்கு அடியில காகிதத்தை மடிச்சு வச்சிட்டு நடுவுக்கு வந்தேன். வந்தா குரல் போயிடுச்சு. மறுபடி ரெண்டு எட்டு ஓரமா போனேன், வந்துச்சு. அப்பவே புரிஞ்சிடுச்சு, கோளாறு பெட்டியிலதான்னு. சொல்லலாம்னு உங்ககிட்ட வந்துட்டிருந்தேன். அப்பதான் மேனேஜர் கேட்டாரு."

"அப்ப ஏன்மா சொல்லல? நான் அப்படிச் சொன்னப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"எப்படிப்பா சொல்றது?" அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "அத்தனை பேர். எல்லாரும் உங்ககூட வேலை செய்யறவங்க. மூணு மாசமா செஞ்ச பெட்டி. உங்க பெட்டி கோளாறுன்னு நானே எப்படி அவங்க முன்னாடி சொல்வேன்?"

கம்பெனியில் லேசாகியிருந்த பெட்டிக்காரரின் மூச்சு இப்போது அடைத்துக்கொண்டது. அட்டையும் மாவுப்பசையும் தலையணைப் பஞ்சுமாக ஒட்டிய ஒரு பெட்டிக்காக இந்தப் பெண் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள், அதற்கு மழையில் குடையும் பிடித்திருக்கிறாள். இவளைப் பெற்ற அவரால் அவளுக்காக ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் தரையைப் பார்த்தார். வேறு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"குரல் நல்லா இருக்குன்னு தெரிஞ்சும் ஏம்மா பாட்டை நிறுத்துன?"

"பாட வாயெடுத்தா நீங்க சொன்னதுதான் முன்னாடி வருது. இத்தனை வருஷமா நீங்க நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொன்னீங்க. அது நெஜமா, இல்ல அழாம இருக்கட்டும்னு சொன்னதான்னு தெரியல."

"நெஜம்மா. சத்தியமா நெஜம்."

அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று அதிலிருந்து தெரியவில்லை.

"சனிக்கிழமை போறேன்பா. நேத்தே டீச்சர்கிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன். அம்மா கூட வரட்டும். நீங்க வர வேணாம்."

"சரிம்மா."

"கோவத்துல சொல்லல. நீங்க இருந்தா உங்க முகத்தையே பாத்துட்டு நிப்பேன். அதுக்குத்தான்."

"சரிம்மா," என்று இன்னொரு தரம் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் தூறல் போட்டது. தாயும் மகளும் கிளம்பினார்கள். பெட்டிக்காரர் குடையை எடுத்து நீட்டினார். மகள் வாங்கிக்கொண்டாள். கத்தி சொல்லி அனுப்பியதை அப்போதுதான் ஞாபகம் வந்து சொன்னார். அவள் லேசாகச் சிரித்தாள். போய்ட்டு வர்றேன்பா என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

அவர் கட்டிலில் உட்காரப் போனார். அப்போது படிக்கட்டில், இரண்டாவது திருப்பத்தில் இருக்கும், அவள் பாட ஆரம்பித்தாள். தொண்டையைச் சரிசெய்துகொள்வதற்காக மெல்லத்தான் பாடினாள். அந்தக் கனத்த குரல் படிக்கட்டுச் சுவரெல்லாம் நிறைந்து, கதவுக்கு இந்தப் பக்கமும் வந்தது. மூன்று வாரமாக அந்த வீடு கேட்காத குரல். ஓடிப்போய்க் கதவைத் திறக்கவேண்டும் என்று கால் துடித்தது. திறந்தால் அவள் நிறுத்திவிடுவாள் என்று தெரிந்தது. தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல், திறக்காமல், தெருச் சத்தத்தில் அது கரைந்துபோகிறவரை அங்கேயே நின்றார்.